முதல் கட்டிலுக்கு இரண்டு பேர்

என் சித்தப்பா பொறாமைக்காரர். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆமா, அதுக்கென்ன இப்போ" என்பார். அண்ணனுக்கு வாங்கிய புதுச் செருப்பில் தொடங்கி, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமாக விழுவது வரைக்கும் அவருக்கு வயிறு எரியாத விஷயம் குறைவு. அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். அங்கே எதிர்ப்பக்கத்தில் தானாக ஓடும் புது லிஃப்ட் ஒன்றை வைத்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு பெண் குரல் எத்தனையாவது மாடி என்று சொல்லும். அந்தக் குரலுக்கும் சித்தப்பாவுக்கும் கடைசி வரைக்கும் ஆகவில்லை. "மாடி நம்பரைச் சொல்றதுக்கு இவ்வளவு குழைவு எதுக்கு?" என்று எங்களிடம் கேட்பார்.

அண்ணன் என்று சொன்னது என் அப்பாவை. இரண்டு பேருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். சின்ன வயதில் சித்தப்பாவுக்குத் தொண்டைப் புண்ணில் ஆரம்பித்து ஒரு காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது. அது வற்றுவதற்குள் மணிக்கட்டு வீங்கியது. அப்படி மூட்டுக்கு மூட்டு தாவிவிட்டு, கடைசியில் அந்தக் காய்ச்சல் அவர் இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணன் வெளியே பந்து விளையாட, தம்பி ஜன்னல் ஓரம் படுத்துக்கொண்டு பார்த்தார். அண்ணன் ஓடினார், படித்தார், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். தம்பி பார்த்துக்கொண்டே வளர்ந்தார். பிறகு மாடி ஏற முடியாதவருக்கு மற்றவர்களை மாடிக்கு ஏற்றிவிடும் வேலை கிடைத்தது. இதைச் சொல்லிச் சித்தி சிரித்தால், அவரும் கூடவே சிரிப்பார்.

மற்றவர்களிடம் இருப்பதைப் பார்த்தே பாதி ஆயுள் கழிந்தபின், ஒருநாள் அவரிடம் இருந்த ஒன்றைப் பார்க்க வரிசை நின்றது.

அது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி. இதய நோய்ப் பிரிவில் மாதாமாதம் காட்டி மாத்திரை வாங்கிவருவார். அங்கே பிரிவுத் தலைவியாக இருந்த டாக்டரம்மா ஒருநாள் ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பக்கத்து அறையிலிருந்த இளம் டாக்டர்களைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் வந்து கேளுங்க. புஸ்தகத்துல படிச்சீங்களே, அது இதுதான். இவ்வளவு சுத்தமா நான் கேட்டே பல வருஷம் ஆச்சு."

சித்தப்பாவின் இதயத்தில் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு தடித்து, குறுகி, பொத்தான் துளை போல ஆகியிருந்தது. இரத்தம் அந்தச் சந்து வழியாக நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும்போது ஒரு சத்தம் வரும். இரண்டு தெருவுக்கு அப்பால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று கிளம்புவது போல, மிகத் தாழ்ந்த உறுமல். அதற்குச் சற்று முன்னால், ஒட்டியிருந்த வால்வு விடுபடும் ஒரு 'டக்'. எல்லாக் காதுக்கும் அது கேட்டுவிடாது. ஆளை இடப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான முகத்தை விட்டுவிட்டு, குழிவான சின்ன முகத்தை வைக்க வேண்டும். அதையும் அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அறையில் ஓடும் மின்விசிறிதான் கேட்கும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள மாணவர்களுக்கு ஒரு நெஞ்சு வேண்டும். பரீட்சை வைக்கவும் வேண்டும். வருடத்தில் இரண்டு தடவை, பெரிய வார்டு ஒன்றைக் காலி செய்து, வரிசையாகக் கட்டில் போட்டு, திரை கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியைப் படுக்கவைப்பார்கள். கையில் குறிப்பட்டையோடு பரிசோதகர்கள் வருவார்கள். மாணவர் ஆளைத் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, என்ன வியாதி என்று சொல்ல வேண்டும். வாசலை ஒட்டிய முதல் கட்டிலுக்கு ஒரு மரியாதை உண்டு. வெளியூரிலிருந்து வரும் பரிசோதகர் அங்கேதான் தொடங்குவார். அதனால் பிரிவுத் தலைவர் தன்னிடம் உள்ளதிலேயே சிறந்த கேஸை அங்கே வைப்பார். எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் வார்டைக் கூட்டுகிறவருக்குக்கூட அது தெரியும்.

அந்த முதல் கட்டில் பல வருடமாகச் சித்தப்பாவுடையதாக இருந்தது.

பரீட்சை வருகிறதென்றால் அவர் நடையே மாறிவிடும். முதல் நாளே முடி வெட்டிக்கொள்வார். சட்டைப் பொத்தான்கள் சீக்கிரம் கழலுகின்றனவா என்று போட்டுப் பார்ப்பார். வார்டில் அவருக்குப் பெயர் 'மைட்ரல்'. "மைட்ரல் வந்தாச்சா? டீ குடிச்சாச்சா?" என்று நர்ஸுகள் கேட்பதைச் சித்தியிடம் வந்து நடித்துக் காட்டுவார். பதற்றத்தில் ஸ்டெதஸ்கோப்பின் தப்பான முகத்தை வைக்கும் மாணவருக்கு மெல்ல ஒரு இருமல் கொடுப்பார். சாய்க்க மறந்தவருக்குத் தானே இடப்பக்கம் புரண்டு கொடுப்பார். டாக்டரம்மா ஒருமுறை பிடித்துவிட்டார்.

"பரீட்சை அவங்களுக்கா, உங்களுக்கா?"

"எனக்குத் தூக்கம் வந்துச்சு மேடம், புரண்டு படுத்தேன்."

"தூக்கம் வந்தா வலப்பக்கம் புரளுங்க."

அப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்வில்தான் கண்டக்டர் வந்து சேர்ந்தார்.

அவர் பஸ் கண்டக்டர். நெடுநெடுவென்று உயரம், பெரிய கை, எல்லாரோடும் பேசும் வாய். அவருக்குக் கெட்டுப்போயிருந்தது வேறு வால்வு. இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கிளம்பிப் போகும் வாசலில், மூட வேண்டிய கதவு மூடாமல், வெளியே தள்ளிய இரத்தத்தில் பாதி திரும்பி உள்ளே வழிந்தது. அதனால் ஒவ்வொரு துடிப்பும் உடம்பு முழுக்கத் தெரிந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு துள்ளும். நகத்தை மெல்ல அழுத்தினால் சிவப்பும் வெளுப்பும் மாறி மாறி அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் தலை லேசாக ஆடும். யார் என்ன சொன்னாலும் 'ஆமாம், ஆமாம்' என்பது போல.

இதைப் பார்க்க ஸ்டெதஸ்கோப்பே வேண்டாம். வாசலில் நின்றால் போதும்.

அவர் முதல் தடவை வந்த பரீட்சையன்று சித்தப்பா வழக்கம் போல முதல் கட்டிலில் ஏறப் போனார். உதவி டாக்டர் தடுத்தார்.

"ஐயா, நீங்க இன்னைக்கு நாலாவது கட்டில்."

"நாலா? எனக்கா?"

"முதல் கட்டில்ல கண்டக்டர் ஐயா இருக்கார்."

கண்டக்டர் அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், தலையை ஆட்டிக்கொண்டு. சித்தப்பாவைப் பார்த்ததும், "வாங்கண்ணே, உள்ளே இடம் இருக்கு, முன்னாடி நகருங்க" என்றார், பஸ்ஸில் சொல்வது போலவே. திரைக்குப் பின்னாலிருந்த நர்ஸுகள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

அன்றைக்கு மாணவர்களும் டாக்டர்களும் முதல் கட்டிலைச் சுற்றி ஈ மொய்ப்பது போல மொய்த்தார்கள். வெளியூர்ப் பரிசோதகர் தன் கூட வந்தவரைக் கைதட்டிக் கூப்பிட்டு அந்தத் தலையாட்டலைக் காட்டினார். நாலாவது கட்டிலுக்கு வந்த மாணவர் சித்தப்பாவின் நெஞ்சில் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பரிசோதகரும் வைத்துப் பார்த்தார். அவருக்கே வெகுநேரம் பிடித்தது.

"சத்தம் ரொம்ப மெல்லிசா இருக்கே மேடம். பசங்க பாவம். அடுத்த தடவை இதுக்கு வேற ஆளைப் பாருங்களேன்."

ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் இத்தனை வருடம் தன் தலைக்கு மேல் ஆங்கிலம் பேசுவதைக் கேட்டுப் படுத்திருந்த மனிதருக்கு இந்த ஒரு வாக்கியம் புரியாமல் போகுமா?

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாப்பிட உட்காரவில்லை.

"என்னங்க, மூஞ்சி தொங்கிப் போய்க் கெடக்கு?" என்று சித்தி கேட்டார். சித்தி ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்தார். அழுகிற பிள்ளைகளைச் சமாளித்துச் சமாளித்து, பெரியவர்களின் அழுகையும் அவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

"அவனுக்குத் தலை ஆடுது."

"யாருக்கு?"

"அந்தக் கண்டக்டருக்கு. சும்மா உக்காந்திருக்கான், தலை ஆடுது. நகம் சிவக்குது. ஒரு கஷ்டமும் படாம எல்லாம் வெளியிலேயே தெரியுது. நான் உள்ளுக்குள்ள வெச்சிருக்கேன், எவனுக்கும் கேக்கல."

சித்தி கரண்டியைக் கீழே வைத்தார்.

"காரைப் பாத்துப் பொறாமைப்படறவங்களைப் பாத்திருக்கேன். வீட்டைப் பாத்துப் பொறாமைப்படறவங்களைப் பாத்திருக்கேன். அடுத்தவன் வியாதியைப் பாத்துக் காதுல புகை விடற ஆளை இப்பத்தான் பாக்கறேன். கையக் கழுவிட்டு வாங்க."

இதில் சிரிக்க முடியாத பங்கு ஒன்று இருந்தது. அந்த வருட ஆரம்பத்திலேயே டாக்டரம்மா சித்தப்பாவை உட்காரவைத்துப் பேசியிருந்தார். வால்வு இன்னும் சுருங்கிவிட்டது. தொடையிலிருக்கும் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய ஒரு குழலை இதயம் வரைக்கும் அனுப்பி, அதன் நுனியில் உள்ள பலூனை வால்வுக்குள் வைத்து ஊதினால், ஒட்டியது பிரிந்து வழி அகலும். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தள்ளிப்போட்டால், வெளியே போக முடியாத இரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும், அப்போது மூச்சு முட்டும், துடிப்பு தாளம் தப்பும், மேலறையில் இரத்தம் கட்டிக்கொள்ளும், அந்தக் கட்டி மூளைக்கும் போகலாம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி.

"பலூன் ஊதினா அந்தச் சத்தம் போயிடுமா மேடம்?"

"போகணும்னுதானே ஊதறோம்."

"அப்ப பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்தது. அடுத்தது முடியட்டும் என்றார். கண்டக்டர் வந்த பிறகோ அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். நான் வேறு நாட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் பேசும்போது, என்ன சொல்கிறார் என்பதைவிட எங்கெங்கே நிறுத்தி மூச்சு வாங்குகிறார் என்றுதான் என் காது போகும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னவர் அதை மூன்றாக உடைத்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார். "பலூன் என்னாச்சு சித்தப்பா?" என்றால், "இங்க மழை" என்பார்.

அவர் மனதில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் வகுப்பில் டாக்டரம்மா மாணவர்களிடம் சொன்னதை அவர் படுத்தபடியே கேட்டிருந்தார். இந்த உறுமல் சரியாகக் கேட்கவில்லை என்றால், நோயாளியைச் சில தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். இரத்தம் வேகமெடுக்கும், சத்தம் கூடும், உடனே சாய்த்துக் கேளுங்கள். அன்று அவரைக் கட்டிலிலேயே உட்காரவைத்துப் படுக்கவைத்தார்கள். சத்தம் கூடத்தான் செய்தது. மாணவர்களின் முகம் மலர்ந்ததை அவரே பார்த்தார்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததற்கே அவ்வளவு என்றால், மாடி ஏறினால்?

அடுத்த பரீட்சை நாள் வந்தது. இது கடைசி வாய்ப்பு என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார். இந்த முறையும் மாணவருக்குக் கேட்காமல் போனால் தன்னைக் கூப்பிட மாட்டார்கள். காலையில் உதவி டாக்டர் எல்லாக் கட்டிலுக்கும் போய் நாடி பார்த்து, கட்டிலில் தொங்கிய அட்டையில் பரிசோதகர்களுக்காகக் குறித்து வைத்தார். சித்தப்பாவின் அட்டையில் 'துடிப்பு சீரானது' என்று எழுதினார். அது அப்போது உண்மைதான். முதல் கட்டிலில் கண்டக்டர், சுற்றிலும் வழக்கமான சிரிப்பு. பரீட்சை தொடங்க நேரமிருந்தது. சித்தப்பா கழிப்பறைக்குப் போவது போல எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி மூட்டைகளை இறக்கும் படிக்கட்டு ஒன்று உண்டு. அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. அவர் அதில் ஏறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் மாடி, நின்று இரண்டாவது மாடி. அண்ணன் இரண்டிரண்டாகத் தாண்டுவாரே, அதை நினைத்துக்கொண்டதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். மேல் மாடிக்குப் போனதும் நெஞ்சுக்குள் பறவை ஒன்று சிறகடிப்பது போல ஏதோ படபடத்தது. நல்லது, சூடாகிவிட்டது என்று நினைத்தார். இறங்கி வந்து நாலாவது கட்டிலில் ஏறிப் படுத்தார்.

பரீட்சைக்கு வந்த பெண் சின்ன உருவம், கை குளிர்ந்திருந்தது. முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

சித்தப்பா உதட்டை அசைக்காமல் உதவி செய்தார். "சீரான துடிப்பு, தங்கச்சி. எழுதிக்கோ. நேரா நெஞ்சுக்கு வா, அங்கதான் விஷயம் இருக்கு."

"நீங்க சொல்லாதீங்க ஐயா. நானே பாத்துக்கறேன்."

அவள் ஒரு கையால் நாடியைப் பிடித்தபடியே மறு கையால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். முகம் சுருங்கியது. அவரை இடப்பக்கம் சாய்த்தாள். அப்போது அவருக்கு இருமல் வந்தது, இந்தத் தடவை கேட்காமலே வந்த இருமல். அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். மறுபடி படுக்கச் சொன்னாள், படுக்க முடியவில்லை. முதுகுப் பக்கம் போய்க் கேட்டாள்.

பரிசோதகர்கள் வந்து நின்றார்கள். வெளியூர்க்காரரின் கையில் அட்டை இருந்தது.

"சொல்லுங்க. நாடி எப்படி?"

"சீரா இல்ல சார். ஒரு ஒழுங்குக்கும் வரல. நெஞ்சுல கேக்கிற துடிப்பு எல்லாம் மணிக்கட்டுக்கு வந்து சேரவும் இல்ல."

அவர் அட்டையைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. உறுதியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"எனக்குச் சீரான துடிப்புதான் சார். வருஷக் கணக்கா அப்படித்தான். இந்தப் பொண்ணுக்குப் பயத்துல தெரியல. சத்தத்தைக் கேக்கச் சொல்லுங்க, இன்னைக்கு நல்லா வெச்சிருக்கேன்."

அதைச் சொல்வதற்குள் நாலு தடவை மூச்சு வாங்கினார்.

பெண்ணின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அவள் பின்வாங்கவில்லை. "எனக்கு மார்க் போடறது போடாதது அப்புறம் சார். ஐயாவால படுக்க முடியல. முதுகுல ரெண்டு பக்கமும், நுரையீரலோட அடியில, நீர் கோத்த மாதிரி பொரியற சத்தம் கேக்குது. இவரைக் கேஸா வெச்சுக் கேள்வி கேக்கறதை நிறுத்திட்டு முதல்ல வைத்தியம் பாக்கணும்."

வெளியூர்க்காரர் அட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தானே மணிக்கட்டைப் பிடித்தார். அப்புறம் அங்கே யாரும் பரீட்சை பற்றிப் பேசவில்லை.

ஆக்ஸிஜன் குழாய் சுவரில் இருந்தது முதல் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்துகிற கட்டிலும் அது ஒன்றுதான். கண்டக்டர் ஏற்கெனவே சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி நின்றார். "இங்க கொண்டாங்க, இங்க கொண்டாங்க" என்று வழி விலக்கினார். சித்தப்பாவை நிமிர்ந்த கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, முகமூடி மாட்டி, நுரையீரலில் கோத்த நீர் வடிய நரம்பில் ஊசி போட்டு, துடிப்பின் வேகத்தைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள். அப்படித்தான் அவருக்கு முதல் கட்டில் திரும்பக் கிடைத்தது. அதை அனுபவிக்கும் நிலையில் அவர் இல்லை.

சித்தி பள்ளி ஏப்ரனோடு ஓடிவந்தார். மாடிப்படி ஏறிய விஷயத்தை அதற்குள் உதவி டாக்டர் சித்தப்பாவிடமிருந்து கறந்துவிட்டிருந்தார். சித்தி கட்டிலோரம் நின்று, முகமூடிக்குள் ஆவி ஏறி இறங்குவதைப் பார்த்தார். திட்டுவதற்கு நிறைய வைத்துக்கொண்டு வந்தவர், சித்தப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. போர்வையை இழுத்து மூடினார்.

மறுநாள் மூச்சு கொஞ்சம் தணிந்த பிறகு கண்டக்டர் பார்க்க வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலை ஆடிக்கொண்டிருந்தது. சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னண்ணே, லிஃப்ட் ஓட்டற ஆளு மாடிப்படி ஏறலாமா? நான் டிக்கெட் வாங்கி பஸ்ல போற மாதிரி இருக்கு."

சித்தப்பா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"நான் கேள்விப்பட்டேன். எனக்காகத்தான் ஏறினீங்களாமே."

"உனக்காக இல்ல. எனக்காக."

"எதுவா இருந்தா என்ன. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா அந்தக் கட்டில் உங்களுக்குத் தானா வந்திருக்கும். எனக்கு ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. நெஞ்சைத் திறந்து வேற வால்வு வைக்கப் போறாங்க. அதுக்கப்புறம் தலை ஆடாதாம்."

சித்தப்பா மெல்லத் திரும்பினார். "ஆடாதா?"

"ஆடாது. எம்பொண்டாட்டிக்குத்தான் கஷ்டம். இதுவரைக்கும் எது சொன்னாலும் தலையாட்டறான்னு நெனச்சுக்கிட்டு இருந்தா."

சித்தி சிரித்துவிட்டார். சித்தப்பாவின் முகத்திலும் ஏதோ தளர்ந்தது. ஆனால் கண்டக்டர் அதோடு நிறுத்தவில்லை, பாவம், அவருக்குத் தெரியாது.

"உலோக வால்வாம்ணே. உள்ளே கடிகாரம் மாதிரி டிக் டிக்னு கேக்குமாம். பக்கத்துல உக்காந்தா ஸ்டெதஸ்கோப் இல்லாமலே கேக்குமாம். டாக்டரம்மா இப்பவே சொல்லிட்டாங்க, ஆறினதும் பரீட்சைக்கு வந்துடுங்க, பசங்க அதையும் கத்துக்கணும்னு."

மாலையில் டாக்டரம்மா சுற்றி வந்தபோது சித்தப்பா முதலில் கேட்டது, தனக்கும் உலோக வால்வு வைக்க முடியுமா என்பதுதான்.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள் என்று மாணவர்களைத் திட்டுகிறவர் அவர்.

"உங்க வால்வு இன்னும் பலூனுக்குத் தாங்கும். தாங்கும்போது ஏன் கிழிக்கணும்? இத்தனை வருஷமா உங்களை வெச்சு நான் பாடம் எடுத்தேன். நல்ல கேஸ், நல்ல கேஸ்னு உங்க முன்னாடியே சொன்னேன். அது என் தப்பு. அது உங்களுக்குப் பரிசு மாதிரி கேட்டிருக்கு. அது நல்லதே இல்லங்க. அது வழி அடைஞ்ச சத்தம். நேத்து அந்தப் பொண்ணு மட்டும் உங்க பேச்சைக் கேட்டு 'சீரானது'ன்னு எழுதியிருந்தா, நான் இப்ப உங்க வீட்டம்மாகிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்பேன்."

"அந்தப் பொண்ணு பாஸா மேடம்?"

"முதல் மார்க்."

சித்தப்பாவுக்கு அதிலும் கொஞ்சம் வயிறு எரிந்ததாம். தன் நெஞ்சை வைத்து மார்க் வாங்குகிறவர்கள், தன் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே முதல் மார்க் வாங்குவதா? ஆனாலும் தலையை ஆட்டினார். "எப்ப வெக்கிறீங்களோ வெச்சிடுங்க."

துடிப்பு தாளம் தப்பியதால் உடனே வைக்க முடியவில்லை. மேலறையில் இரத்தம் கட்டியிருந்தால் பலூன் அதைக் கிளப்பி மூளைக்கு அனுப்பிவிடும். சில வாரங்கள் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்து, உணவுக்குழாய் வழியாக ஸ்கேன் கருவியை இறக்கி, கட்டி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் செய்தார்கள். அன்று இங்கே நான் வேலைக்குப் போகவில்லை. போனை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தி கூப்பிட்டு, "ஊதியாச்சு. நல்லாருக்கார். சத்தம் இருக்கா இருக்கான்னு டெக்னீஷியனைப் போட்டுக் கொல்றார்" என்றார்.

சத்தம் முழுக்கப் போகவில்லை. ஒரு சின்ன முனகல் மிச்சம் இருந்தது. ஆனால் மாணவர்களுக்குப் பரீட்சை வைக்க அது போதாது.

அடுத்த பரீட்சைக்கு அவரைக் கூப்பிடவில்லை. அன்று அவர் லிஃப்டில் இருந்தார். மத்தியானம் கண்டக்டர் பரீட்சை வார்டிலிருந்து போன் செய்தார். டிக் டிக் சத்தத்தோடு அவர் முதல் கட்டிலில் இருந்தாராம்.

"அண்ணே, நாலாவது கட்டில்ல ஒரு பொண்ணு. முப்பது வயசுகூட இருக்காது. உங்க வியாதிதான். பசங்க எல்லாம் இடப்பக்கம் சாய்ச்சுச் சாய்ச்சுக் கேக்கறாங்க."

சித்தப்பா லிஃப்ட் கதவை மூடவிடாமல் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டார். உள்ளே நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"கேக்குதாமா அவங்களுக்கு?"

"எல்லாருக்கும் கேக்குதாம். டாக்டரம்மா 'நல்ல கேஸ்'னு வாயைத் திறந்து சொல்லல, ஆனா மூஞ்சி பிரகாசமா இருக்கு."

எதிர்ப்பக்க லிஃப்ட் வந்து நின்று, குழைவாக மாடியைச் சொல்லிவிட்டுப் போனது.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. பலூன் வெச்சுக்கலாம்னு சொன்னாங்கன்னா, பரீட்சை முடியட்டும்னு சொல்லாம உடனே வெச்சுக்கச் சொல்லு. மாடிப்படி பக்கம் போகவே வேண்டாம்னு சொல்லு. இப்பவே போய்ச் சொல்லு."

"சொல்லிடறேண்ணே."

"கண்டக்டரே."

"என்னண்ணே?"

"முன்னாடி 'டக்'னு ஒண்ணு கேக்கணும். அதுவும் கேக்குதான்னு விசாரி."

கண்டக்டர் போய் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். சித்தப்பா காலை எடுத்தார், கதவு மூடியது. அவர் போனைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டு போனார்.